பேசாத மரம்

அம்மாவின் வீணை பலாமரத்தில் செய்தது. குடத்தை விரல் முட்டியால் லேசாகத் தட்டினாலே ஓசை உள்ளே ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் அடங்கும். எங்கள் வீட்டுக்கு அந்த ஸ்பீக்கர் ஜோடி வந்த வாரம், ஜன்னல் கதவு இழைக்க வந்த கொசப்பேட்டை ஆசாரி கூடத்தில் நின்று இரண்டையும் மாறி மாறித் தட்டிப் பார்த்தார். வீணையில் 'தும்ம்' என்று வந்தது. ஸ்பீக்கர் பெட்டியில் 'டப்' என்று வந்து அங்கேயே நின்றுவிட்டது.

"அது பாடற மரம் தம்பி. இது பேசாத மரம். உள்ள இருந்து வர்ற சத்தத்துக்குக் குறுக்க வாயத் தொறக்கக் கூடாதுன்னு செஞ்சிகிறான்" என்றார்.

எழுபதைத் தாண்டியவர். வாசக்கால், கட்டில், ஊஞ்சல் பலகை என்று வாழ்நாள் முழுக்க மரத்தோடு இருந்தவர். ஹை-ஃபை ஸ்பீக்கரை அன்றுதான் முதன்முதலில் தொட்டார். நான் பல மாதம் படித்துச் சேர்த்ததை அவர் ஒரு தட்டில் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் மூன்று வருடமாக அந்தப் பெட்டியோடு பட்ட பாட்டில் பாதிக்கு மேல் அவரும் கூட இருந்தார்.

எதற்காக வாங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு இப்போது 74 வயது. சத்துவாச்சாரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் இருபது வருடம் அவரிடம்தான் வீணை கற்றார்கள். விரல் மூட்டுகளில் வலி வந்த பிறகு வாசிப்பது நின்றது. கேட்பதும் நின்றுபோனதை நான் கவனிக்கவே ஒரு வருடம் ஆனது. ஏன் என்று கேட்டேன். நான் வாங்கித் தந்திருந்த சின்ன புளூடூத் பெட்டியைக் காட்டி, "இதுல கம்பி கேட்குதுடா, வீணை கேட்கல" என்றார்.

அது உண்மை. மீட்டியதும் முதலில் வருவது கம்பியின் ஒலி. அதன் பின்னாலேயே குடத்தின் ஒலி சதையாக வந்து சேரும். உள்ளங்கை அகலப் பெட்டியில் அந்தச் சதை வராது. அம்மாவின் காதுக்கு ஈடான ஒன்றை வீட்டில் வைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கும் எனக்கு இது சின்னச் செலவு கிடையாது. இரண்டு வருட போனஸை எடுத்து வைத்தேன்.

முதலில் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய்க் கேட்டோம். அம்மாவையும் கூட்டிப் போனேன். கடையில் தரை முழுக்கக் கம்பளம், சுவரெல்லாம் கனத்த திரை, ஏசி. எந்தப் பெட்டியைப் போட்டாலும் நன்றாகத்தான் இருந்தது. ஆள் உயரப் பெட்டி ஒன்று மினுமினுவென்று கேட்டது, ஒவ்வொரு சிணுங்கலும் தனித்தனியாக. நான் மயங்கிவிட்டேன். அம்மா பத்து நிமிடம் கேட்டுவிட்டுக் காதோரம் சொன்னார்: "மிருதங்கம் பீரோ உயரத்துக்கு நிக்குது. பக்கத்துல பாடறவங்க குழந்தை மாதிரி இருக்காங்க."

அன்று கற்றது இது. கடையில் முதல் பத்து நிமிடம் கவர்கிற பெட்டி பெரும்பாலும் மேல் ஸ்தாயியைத் தூக்கிக் காட்டுகிற பெட்டி. ஒரு மணி நேரம் கேட்டால் தலை வலிக்கும். போகும்போது நமக்கு நன்றாகத் தெரிந்த பதிவையே கொண்டு போக வேண்டும். பெரிய வாத்தியக் குழு வேண்டாம். ஒரு குரல், ஒரு தம்புரா போதும். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்க வேண்டும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் ஆதார ஷட்ஜம் சுமார் 130 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 130 அதிர்வு). தம்புராவின் கனத்த கடைசிக் கம்பி அதில் பாதி, அதாவது சுமார் 65 ஹெர்ட்ஸ். அந்தக் கம்பியை மீட்டும்போது அடியில் ஒரு நிழல்போல ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். சின்னப் பெட்டிகளில் அதன் மேல் ஒலிகள் மட்டும் வரும். காது மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். நல்ல பெட்டியில் அது நிஜமாகவே வரும்.

கடைசியில் அமைந்தது புதுப் பெட்டி இல்லை. காட்பாடி காந்திநகரில் ஒரு டாக்டர் குடும்பம் வெளிநாடு போவதால் விற்றார்கள். இங்கிலாந்தில் செய்தது, மேலே செர்ரி மர வெனீர், அதாவது மெல்லிய மர ஏடு. ஜோடி ஒரு லட்சத்துப் பத்தாயிரம். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு முழுக்க அதைச் சுற்றியே போய்விடும். வம்சத்தைச் சொல்கிறேன். அது பிபிசி வம்சம்.

ஒலிபரப்புக்குத் தங்களுக்கே வேண்டிய, ஒலியைச் சரிபார்க்கும் மானிட்டர் ஸ்பீக்கர் பெட்டிகளை பிபிசி பொறியாளர்கள் தாங்களே ஆராய்ந்து வடிவமைத்தார்கள். 1970களில் வந்த எல்.எஸ்.3/5ஏ என்ற சின்னப் பெட்டி இன்றுவரை பேசப்படுகிறது. வெளியிடத்திலிருந்து ஒலிபரப்பும் வேனுக்குள் வைத்துப் பேச்சுக் குரலைச் சரிபார்க்கச் செய்தது அது. அங்கே வேலை செய்த டட்லி ஹார்வுட் 1977இல் ஹார்பெத் என்ற ஸ்பீக்கர் கம்பெனியை ஆரம்பித்தார். அதற்கு முன்பே, 1969இல், இன்னொரு பிபிசி பொறியாளரான ஸ்பென்சர் ஹியூஸ் தன் மனைவி டோரதியோடு சேர்ந்து ஸ்பெண்டார் கம்பெனியை ஆரம்பித்திருந்தார். கணவன் மனைவி இருவர் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது.

இவர்கள் பெட்டி செய்யும் முறை நம் ஊர் நினைப்புக்கு நேர் எதிரானது. கனமான மரம்தான் நல்ல மரம் என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் மெல்லிய பிர்ச் பிளைவுட்டை எடுத்து, உட்புறம் தார் போன்ற பிட்டுமன் அட்டையை ஒட்டினார்கள். எந்தப் பலகையும் ஏதோ ஒரு சுருதியில் அதிரத்தான் செய்யும். கனத்த, விறைப்பான பலகையின் அதிர்வு, மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் நடுப்பகுதிக்கு ஏறிவிடும். மெல்லிய பலகையின் அதிர்வு கீழே இறங்கும். அங்கே காது அவ்வளவு கூர்மை இல்லை, பிட்டுமனும் அதை விழுங்கிவிடும். ஆசாரி தட்டிக் கேட்ட 'டப்' இதுதான்.

இந்த இடத்தில் உறவினர்கள் சொன்ன யோசனை ஒன்று நினைவுக்கு வருகிறது. "இவ்ளோ காசுக்கு முழுத் தேக்குலயே பெட்டி செஞ்சிருக்கலாமே?" ஆசாரியிடம் கேட்டேன். சிரித்தார். "உங்க வாசக்கதவு முழுத் தேக்குதானே? ஐப்பசியில பிடிக்குதா இல்லையா?" பிடிக்கிறது. மழை மாதத்தில் கதவு உப்பி நிலையில் உரசும், மாசியில் தானே விலகும். மரம் நார் போகும் திசையில் அவ்வளவாக நீளாது. அதற்குக் குறுக்கேதான் உப்பும், சுருங்கும். கதவு உரசினால் இழைத்துவிடலாம். நான்கு பக்கமும் இறுக ஒட்டிய பெட்டியில் அகலப் பலகை உப்பவும் சுருங்கவும் வழியில்லாவிட்டால் மூட்டு பிளக்கும், காற்று கசியும். வெயில் சதம் அடிக்கும் வேலூரில் இது வருடா வருடம் நடக்கும். பிளைவுட்டில் நார்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அது அசையாது. அதன் மேல் அழகுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நிஜ மர ஏடு. ஒரு பக்கம் மட்டும் ஏடு ஒட்டினால் பலகை வளையும் என்பதால் நல்ல பெட்டிகளில் உள்பக்கமும் ஒட்டுவார்கள். மரப் பெட்டி என்றால் இதுதான். 'வெனீர்தானே' என்று யாராவது தள்ளிப் பேசினால் நம்ப வேண்டாம்.

பழைய பெட்டி வாங்கும்போது நான் பார்த்தவை சில. கையில் டார்ச்சும் ஒரு மல்டிமீட்டரும் போதும். ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா ஃபோமா என்று முதலில் பாருங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஃபோம் பத்துப் பதினைந்து வருடத்தில் பொடிந்து உதிரும், ரப்பர் நிற்கும். பிறகு கூம்பின் இரண்டு பக்கமும் விரல் வைத்து நேராக, மெதுவாக உள்ளே தள்ளுங்கள். கரகரவென்று உரசினால் உள்ளே உள்ள கம்பிச் சுருளில் கோளாறு, வேண்டாம். பின்பக்க முனைகளில் மீட்டரை வைத்தால், 8 ஓம் பெட்டி என்றால் 5 முதல் 7 வரை காட்டும். ஒன்று 6 காட்டி இன்னொன்று 3 காட்டினால் காரணம் தெரியாமல் காசு கொடுக்காதீர்கள். இரண்டு பெட்டியின் வரிசை எண்ணும் ஜோடியா என்று பாருங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் மேல் ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரின் நடுக் குமிழ் உள்ளே அமுங்கியிருக்கும், அதையும் பாருங்கள். அப்புறம் அடிப்பக்கம். கீழே மாவு போல மரத்தூள் கொட்டியிருந்தால் உளு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதை வீட்டுக்குக் கொண்டு வந்தால் உங்கள் கட்டிலுக்கும் வரும்.

இரண்டையும் போர்வையில் சுற்றி, முகம் கீழே படாமல் நிமிர்த்தி வைத்து, ஆட்டோவில் பாலாற்றுப் பாலம் தாண்டிக் கொண்டு வந்தேன்.

முதல் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. டாக்டர் வீட்டில் தேனாக ஒலித்த பெட்டி எங்கள் கூடத்தில் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போலக் கேட்டது. மிருதங்கத்தின் கனத்த அடி ஒலியான கும்கி விழும் இடமெல்லாம் கூடமே ஊளையிட்டது. கையைத் தட்டினால் சுவருக்கும் சுவருக்கும் இடையில் 'ட்ர்ரிங்' என்று ஓடியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

எங்கள் கூடம் 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். மொசைக் தரை, சிமெண்ட் பூச்சு, கான்கிரீட் தளம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 14 அடி என்பது 4.27 மீட்டர். 343ஐ அதன் இரண்டு மடங்கால் வகுத்தால் 40 வரும். அதாவது 40 ஹெர்ட்ஸ் ஒலி அந்த நீளத்தில் கச்சிதமாக உட்கார்ந்து, சுவருக்குச் சுவர் ஊஞ்சல் ஆடும். அகலத்துக்கு 47, உயரத்துக்கு 56. பிறகு இவற்றின் மடங்குகளான 80, 94, 112. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் ஒலியும் தம்புராவின் கனத்த கம்பியும் புழங்குகிற அக்கம்பக்கம் இதுவேதான். ஸ்பீக்கர் ஒன்று போட்டால் கூடம் இரண்டு போடுகிறது.

நான் செய்த முதல் தவறு துணியாக வாங்கிக் குவித்தது. பவானி ஜமக்காளம், கனத்த பருத்தித் திரை என்று ஏழாயிரம் செலவு. அந்த 'ட்ர்ரிங்' போனது, குரல் தெளிந்தது. ஊளை அப்படியே இருந்தது. துணியும் விரிப்பும் மேல் ஒலிகளைத்தான் குடிக்கும். அடி ஒலிக்கு அவை கொசுவலை மாதிரி, அது பாட்டுக்கு ஊடுருவிப் போகும். அதை இடம் மாற்றித்தான் அடக்க முடியும். காசு செலவில்லாத இந்த வேலையைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

நான் பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி மூலையில் வைத்திருந்தேன். அம்மாவின் சாய்வு நாற்காலி எதிர்ச் சுவரோடு ஒட்டியிருந்தது. இரண்டுமே அடி ஒலி மிக அதிகமாகத் தேங்கும் இடங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரே பதிவை ஓடவிட்டு, பெட்டியை அரை அடி அரை அடியாக முன்னால் நகர்த்தினேன். அம்மா நாற்காலியிலிருந்து 'ம்', 'ம்ஹூம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பின்சுவரிலிருந்து மூன்றடி, பக்கச் சுவரிலிருந்து இரண்டரை அடி வந்தபோது ஊளை பாதியாகக் குறைந்தது. நாற்காலியைச் சுவரிலிருந்து ஐந்தடி முன்னால் இழுத்ததும் மீதியும் போனது. கூடத்தின் நட்ட நடுவில் போட்டால் அடி ஒலி சுத்தமாக வற்றிவிடும், அதுவும் வேண்டாம். இரண்டு பெட்டிக்கும் நாற்காலிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு சமபக்க முக்கோணம் அமைந்தது. பெட்டிகளைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பி வைத்தேன்.

நாலு பேர் நடமாடும் கூடம் அது. எப்போதும் நடுவில் வைக்க முடியாது. மொசைக்கில் வெள்ளை பெயிண்ட்டால் புள்ளி வைத்திருக்கிறேன். ராத்திரி கேட்கும்போது புள்ளிக்கு வரும், காலையில் சுவரோரம் போகும். பக்கச் சுவரில் எங்கே துணி வேண்டும் என்பதற்கும் சுலபமான வழி உண்டு. நாற்காலியில் ஒருவர் உட்கார, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கண்ணாடியில் ட்வீட்டர் தெரியும் இடத்தில்தான் ஒலி பட்டுத் திரும்புகிறது. அங்கே ஒரு புத்தக அலமாரி வைத்தேன். வேறு எங்கேயும் எதுவும் தேவைப்படவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். முதல் வாரம் அம்மா, "பாடறவங்க நடுவுல இல்லையேடா, ரெண்டு காதுக்குள்ளயும் இருக்காங்க" என்றார். பின்னால் போய்ப் பார்த்தால் ஒரு பெட்டியில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தன. மாற்றியதும் ஆள் நடுவில் வந்து உட்கார்ந்தார். அடி ஒலியும் கூடியது. எதையும் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். ஒயரைப் பொறுத்தவரை 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் நான்கு மீட்டருக்குத் தாராளம். அதற்கு மேல் நான் செலவழிக்கவில்லை.

ஸ்டாண்டு ஆசாரியின் கைவேலை. கடையில் கிடைத்தவை 24 அங்குல உயரம். அதில் வைத்தால் ட்வீட்டர் தரையிலிருந்து 40 அங்குலத்தில் நின்றது. சாய்வு நாற்காலியில் அம்மாவின் காது 32 அங்குலத்தில். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து பாடும் பெட்டியில் காது மேலேயோ கீழேயோ போனால் இரண்டும் பிரியும் இடத்தில் ஒலி ஒட்டாது. குரல் மெலியும். பழைய வீடு இடித்த தேக்குச் சட்டங்களை எடுத்து, நாலு கால் வைத்து, மேலே பலகை மூடாமல் வெறும் சட்டமாக, 16 அங்குலத்தில் செய்து கொடுத்தார். ஆணி கிடையாது, முழுக்கக் கழுந்து மூட்டு. பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவில் எங்கள் தொழிற்சாலையில் மிஞ்சிய தோல் துண்டு, மூலைக்கு ஒன்று வைத்தேன். சாயம் போடாத தோலாக இருக்க வேண்டும். சாயத் தோல் கோடையில் கசிந்து மரத்தில் கறையாகும்.

இதற்கப்புறம் வந்ததுதான் என்னை அதிகம் அலைய வைத்தது. மிருதங்கம் பதிவில் ஒரு குறிப்பிட்ட அடி விழும்போதெல்லாம் வலது பக்கம் 'ஸ்ர்ர்' என்று ஒரு சத்தம். அடி ஒலி தரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபர் கிழிந்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். கழற்றிப் பார்த்தேன், மாட்டினேன், இடதையும் வலதையும் மாற்றினேன். மாற்றியும் சத்தம் வலப்பக்கமே வந்தபோதுதான் புரிந்தது, பெட்டியில் கோளாறு இல்லை. போனில் 20லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை ஓடவிட்டு, கூடத்தில் ஒவ்வொரு பொருளாகக் கைவைத்துப் பார்த்தேன். வலது பெட்டியின் இடத்துக்கு மேலே அப்பாவின் படம். அதன் கண்ணாடி சட்டத்தில் தளர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தது. அதை இறுக்கியதும் ஸ்டீல் பீரோவின் கைப்பிடி பேச ஆரம்பித்தது. அதற்கப்புறம் ஷோகேஸ் கண்ணாடி. பெட்டியின் மரம் வாயை மூடிக்கொண்டால் போதாது, வீடும் மூட வேண்டும். ஃபெல்ட் துண்டும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்கார்ந்தால் முடிகிற வேலை. ஸ்பீக்கரைக் கழற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

முதல் கோடையில் இரண்டு சிக்கல் வந்தது. மேற்கு ஜன்னலை மூடாமல் ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தோம். அக்னி நட்சத்திரம். வந்து பார்த்தால் இடது பெட்டியின் மேல் விளிம்பில் வெனீர் ஒரு விரல் நீளத்துக்குத் தூக்கியிருந்தது. என் கவனக்குறைவுதான். ஆசாரி வந்து பார்த்துவிட்டு, "பிச்சி எடுத்துடாத தம்பி, அதுக்கு மேல ஒண்ணும் செய்யாத" என்றார். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சிரிஞ்சில் மரப்பசையை நீர்க்க எடுத்து ஏட்டுக்கு அடியில் விட்டார். மேலே பட்டர் பேப்பர், அதற்கு மேல் துணி, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டி. சூடு ஆறும்வரை அம்மிக்குழவியை மேலே வைத்துவிட்டு டீ குடித்தார். இன்றைக்கு விரலால் தடவினாலும் தெரியாது. தூக்கிய இடத்தில் தூசி போவதற்கு முன் செய்ததால்தான் அப்படி அமைந்தது என்றார். அதற்குப் பிறகு பிற்பகலில் மேற்குத் திரையை மூடாமல் நான் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை.

அதோடு தெரிந்த இன்னொன்று. செர்ரி மரம் வெளிச்சம் படப்படக் கறுக்கும். கண்ணாடி இறுக்கிய பிறகு அப்பாவின் படத்தை அம்மா சில மாதம் வலது பெட்டியின் மேல் சாய்த்து வைத்திருந்தார். எடுத்தபோது, படம் நின்ற இடம் மட்டும் பழைய வெளுத்த நிறத்தில் ஒரு நீள்சதுரமாக இருந்தது. வெளிச்சத்தில் வைத்தால் மெல்ல மெல்லச் சேர்ந்துவிடும் என்று ஆசாரி சொன்னார். இன்னும் முழுதாகச் சேரவில்லை. நான் அதை அவசரப்படுத்தவும் இல்லை.

இரண்டாவது சிக்கல் 'ம்ம்ம்' என்ற இரைச்சல். சித்திரையில் ஆரம்பித்தது. ஆம்ப்ளிஃபயரின் உலோகத்தைத் தொட்டால் விரல் நுனியில் சுருசுருவென்றது. வந்த எலக்ட்ரீசியன் ஒருவர் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடச் சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். உயிருக்கு ஆபத்து. வீட்டுக்குப் பின்னால் எர்த் குழியைப் பார்த்தேன். மண் பாளம் பாளமாகக் காய்ந்திருந்தது. காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது. வேறொருவரைக் கூப்பிட்டு, கரியும் உப்பும் போட்டு, குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றியதும் சுருசுரு நின்றது. இப்போது கோடையில் வாரம் ஒரு முறை ஊற்றுகிறேன்.

இரைச்சல் மட்டும் மிச்சம் இருந்தது. டிவி செட்டாப் பாக்ஸிலிருந்து ஆம்புக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினேன், நின்றது. கேபிள் டிவி ஒயர் தன் பங்குக்கு வேறொரு எர்த்தைக் கொண்டு வருகிறது. இரண்டு எர்த்துக்கு நடுவில் ஓடும் மின்சாரம்தான் அந்த 'ம்ம்ம்'. டிவிக்கும் ஆம்புக்கும் நடுவில் ஆப்டிகல் கேபிள் போட்டேன். அதில் போவது வெளிச்சம், எர்த் போக வழியில்லை. ஐநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் பட்ட நஷ்டம் இது. எங்கள் பெட்டியின் உணர்திறன் 85 டெசிபல். 88 டெசிபல் பெட்டியில் வரும் அதே சத்தத்துக்கு இதற்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் இப்படி இரட்டிப்பாகும். என்னிடம் முதலில் இருந்தது 25 வாட். அம்மாவுக்கு அது போதும். பொங்கலுக்கு வந்த பிள்ளைகள் ஆட்டம் போட ஒலியை முழுக்கத் திருப்பினார்கள். சின்ன ஆம்பை மூச்சு முட்ட ஓட்டினால் அது ஒலியின் தலையை வெட்டி அனுப்பும். அந்த வெட்டுப்பட்ட ஒலியின் கூர் முழுக்க ட்வீட்டருக்குப் போகும். வலது ட்வீட்டர் எரிந்தது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் கிடைத்த ஏதோ ஒன்றைப் போட்டு, 'அதேதான் சார்' என்று கொடுத்தார்கள். வீட்டில் போட்ட இரண்டாவது நிமிடம் அம்மா சொன்னார்: "வலப்பக்கம் தாளக் கம்பி மட்டும் சத்தமா இருக்குடா." கம்பெனிக்கே எழுதி, வரிசை எண்ணைச் சொல்லி, ஜோடியாக இரண்டு ட்வீட்டர் வரவழைத்தேன். ஒன்றரை மாதம் ஆனது. ஆம்பையும் 60 வாட்டுக்கு மாற்றினேன். பெரிய ஆம்பு பெட்டியை எரித்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். நான் கண்டது, எரித்தது சின்னதுதான்.

இப்போது எங்கள் வீட்டில் கேட்கும் நேரம் ராத்திரி ஒன்பது மணி. சுற்றியுள்ள மலைகள் பகலில் வாங்கிய சூட்டை அப்போதுதான் இறக்கி வைக்க ஆரம்பித்திருக்கும். நெடுஞ்சாலை லாரிச் சத்தம் முற்றிலும் அடங்காது, ஜன்னலைச் சாத்திவிடுவேன். அம்மா கேட்பது பெரும்பாலும் வீணை, சில நாள் நாதஸ்வரம். நாதஸ்வரத்தை மட்டும் ரொம்பக் குறைத்து வைக்கச் சொல்வார். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981இல் சுவாமியைத் திரும்ப எழுந்தருளச் செய்த காலத்தில் கல் மண்டபத்தில் நின்று கேட்ட நாதஸ்வரம் அவர் காதில் இன்னும் இருக்கிறது. "அது தெருவுக்கும் மண்டபத்துக்கும் செஞ்ச வாத்தியம். கூடத்துல தூரமா கேட்கணும்" என்பார். அவர் சொல்கிற அளவில் வைத்தால், நிஜமாகவே இரண்டு தெரு தள்ளி ஊர்வலம் வருவது போல இருக்கிறது.

போன வாரம் ஒரு பழைய வீணைக் கச்சேரிப் பதிவு போட்டேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இடது கை விரல்கள் நாற்காலிக் கையில் மெல்ல வழுக்கிக்கொண்டிருந்தன. பத்து நிமிடம் போயிருக்கும். "டேய், நிறுத்து. கொஞ்சம் பின்னால போ" என்றார். அதே இடத்தைத் திரும்பப் போட்டேன்.

"கேட்டியா? மேல் ஸ்தாயில ஒரு மெட்டு நகர்ந்திருக்கு. அந்தம்மா அதைக் கம்பிய இழுத்தே சரி பண்ணிக்கிறாங்க பாரு. வெயில் காலத்துல வாசிச்சிருக்காங்க. மெழுகு இளகிடுச்சு."

வீணையின் தண்டியில் விரல் வைத்து வாசிக்கும் 24 மெட்டுகளும் தேன்மெழுகில் கரித்தூள் கலந்து பதித்தவை. சூட்டில் இளகும், நகரும். அதைத் திரும்பச் சரிசெய்வதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். என் காதுக்கு எதுவும் தெரியவில்லை. மூன்றாவது முறை, அம்மா விரலைத் தூக்கிக் காட்டிய நொடியில், ஒரு மயிரிழை அளவு ஸ்வரம் கீழே பிறந்து மேலே ஏறியது எனக்கும் கேட்டது.

"முதல்லேர்ந்து போடு" என்றார் அம்மா. "அந்த ஃபேனையும் நிறுத்து."